ஒற்றையா, இரட்டையா?

எங்கள் ஊருக்கும் சமுத்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் உப்பு ஒன்றுதான். இராசிபுரத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை கண்ணுக்கெதிரே நிற்கும் கிராமம். கிழக்கே கடலுக்கு நூறு மைலுக்குக் குறையாது. ஏரி ஒன்று இருக்கிறது. அது நிரம்பிய வருஷங்களைக் கிழவர்கள் கலியாண வருஷத்தைப் போல் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து, நாமக்கல் ஜில்லாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாகப் பூகோளம் போதித்து வருகிறவன் நான். நீந்தத் தெரியாது. கடற்படகு விஷயமாகக் கட்டுரை எழுத இதைவிடப் பொருத்தமான ஆசாமி அகப்படமாட்டான் அல்லவா?

விஷயம் இதுதான். எங்கள் பெண் இந்த வருஷம் பள்ளிப் படிப்பை முடித்தாள். ஜூன் மாதம் சென்னைக்குக் கல்லூரிக்குப் போகவேண்டும். போவதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேட்டேன். பட்டுப் பாவாடை, கைக்கடிகாரம் என்று ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். "கடல்ல கயாக் ஓட்டோணும், அப்பா" என்றாள்.

கயாக் என்பது கிரீன்லாந்துப் பக்கத்து இன்யூட் ஜனங்களின் படகு. மரமே முளைக்காத தேசம் அது. கடல் கொண்டுவந்து ஒதுக்கும் கட்டைகளால் எலும்புக்கூடு போல ஒரு சட்டம் கட்டி, அதன்மேல் சீல் என்னும் கடல் நாயின் தோலை இழுத்துத் தைத்துவிடுவார்கள். படகோட்டியின் இடுப்பளவுக்கு மேலே ஒரு துவாரம். தையற்காரன் சட்டைக்கு அளவெடுப்பது போல் ஆளுக்கு அளவெடுத்தே படகு செய்வார்கள்; இரு கைகளையும் விரித்த அகலத்தைப்போல் மூன்று பங்கு நீளம் என்று ஒரு கணக்கு. ஒருவனுடைய படகு இன்னொருவனுக்கு உதவாது. இதையெல்லாம் வகுப்பில் நான் பல வருஷங்களாகச் சொல்லி வந்திருக்கிறேன். பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டுமிருக்கிறேன். அதிலே ஏறி உட்கார வேண்டி வருமென்று கனவிலும் நினைத்ததில்லை.

இப்போது பிளாஸ்டிக்கிலும் கண்ணாடி இழையிலும் செய்கிறார்கள். நம் இராமநாதபுரம் கடற்கரையிலேயே இவை வாடகைக்குக் கிடைக்கின்றன. தொண்டிப் பக்கத்தில் காரங்காட்டில் வனத்துறையின் ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஓட்டிப் போகலாம். நாங்கள் விசாரித்தது அதற்கும் தெற்கே, பாக் விரிகுடாக் கரையில் ஒரு மீனவ கிராமத்தில். டெலிபோனில் பேசிய வாலிபர் மிக மரியாதையாக, "மூணு பேரா சார்? அப்ப டபுள் ஒண்ணு, சிங்கிள் ஒண்ணு. தனியா வர்றது யாரு சார்?" என்று கேட்டார்.

நாளைக்குச் சொல்லுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியைத் தனியாக விடக்கூடாது. அவளுக்குத் தண்ணீரென்றால் பயம். பெண்ணைத் தனியாக விடக்கூடாது. அவள் என் பெண். நான் தனியாகப் போகக்கூடாது. எனக்கு நீச்சல் தெரியாது. ஆகவே யாரும் தனியாகப் போகக்கூடாது என்று தர்க்க சாஸ்திர ரீதியாக முடிவு ஏற்பட்டது. ஆனால் இரண்டு துவாரத்தில் மூன்று பேர் எப்படி உட்காருவது?

அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியத் தீவுகளில் இரண்டு துவாரப் படகு பழங்காலத்திலேயே உண்டு. பிறகு ருஷ்யர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் துடுப்புப் போடாமலே போய்ச் சேரவேண்டும். ஆகவே நடுவில் மூன்றாவது துவாரம் வைக்கச் சொல்லி, அதிலே சுகமாக உட்கார்ந்துகொண்டு போனார்கள். இந்த மூன்று துவாரப் படகு மறுநாள் எனக்கு மிகவும் சிலாக்கியமாய்த் தோன்றிற்று. "அது இங்கே இல்லை சார்" என்றார் வாலிபர்.

சரி, படித்த மனுஷன் செய்வதைச் செய்வோம் என்று புத்தகங்களைப் புரட்டினேன். கடலில் நெடும் பிரயாணத்துக்கான ஒற்றைப் படகு 16, 17 அடி நீளமிருக்கும். அகலம் இரண்டு அடிக்கும் குறைவு. எடை சுமார் 25 கிலோ. இரட்டைப் படகு இருபதடி வரை போகும். எடை 40 கிலோவுக்கு மேல். அகலம் அதிகமாகையால் எளிதில் கவிழாது. இரண்டு பேருடைய பலம் ஒரே உடலைத் தள்ளுவதால், நேர்க்கோட்டில் வேகமும் அதிகம். ஒருவருக்குக் கை ஓய்ந்தால் மற்றவர் இழுத்துக்கொண்டு போகலாம். தோஷம் என்னவென்றால், திருப்புவது கஷ்டம்; ஒருவர் வரவில்லையென்றால் மற்றவருக்கும் பிரயாணம் இல்லை. முன்னால் இருப்பவர் துடுப்பின் தாளத்தை நிர்ணயிக்கிறார். பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்குத் துடுப்புப் போட்டு, காலால் சுக்கானையும் கவனித்துக்கொள்ள வேண்டும். தாளம் தப்பினால் இரண்டு துடுப்பும் 'டக்'கென்று மோதிக்கொள்ளும். இங்கிலீஷ்காரர்கள் இரட்டைப் படகுக்கு 'விவாகரத்துப் படகு' என்று பரிகாசமாகப் பெயர் வைத்திருக்கிறார்களாம்!

எங்கள் நாமக்கல் பக்கத்தில் லாரியைக் கொண்டுதான் எதையும் விளங்கிக்கொள்வது வழக்கம். லாரியில் டிரைவர் என்றும் கிளீனர் என்றும் இருவர். யார் யார் என்பதில் சந்தேகமே கிடையாது. இந்தப் படகிலோ வேகம் ஒருவரிடம், ஸ்டியரிங் மற்றவரிடம். இப்படி ஒரு லாரி சங்ககிரி மேட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் இரட்டைதான் என்பது என் கட்சி. பெண்ணை அழைத்து, சரித்திர ஆதாரத்துடன் வாதித்தேன். 1942 டிசம்பரில், யுத்த காலத்தில், பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் பத்துப் பேர் ஐந்து இரட்டைப் படகுகளில் பிரான்ஸ் தேசத்துப் போர்தோ துறைமுகத்துக்குள் புகுந்து எதிரியின் கப்பல்களுக்கு வெடி வைக்கப் புறப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்கள் இருவரே. அவ்விருவரும் ஒரே படகில் இருந்தவர்கள்! "பார்த்தாயா கண்ணு?" என்றேன்.

"மத்த நாலு படகும் இரட்டைதானே, அப்பா?" என்றாள்.

அதோடு விடவில்லை. அவளும் ஒரு சரித்திரம் வைத்திருந்தாள். ஆஸ்கர் ஸ்பெக் என்று ஒரு ஜெர்மானியர். வேலையில்லாத் திண்டாட்டம் உலகத்தை ஆட்டிவைத்த 1932-ல், உல்ம் நகரத்தில் டான்யூப் நதியில் ஒரு மடிப்புக் கயாக்கை இறக்கினார். சைப்ரஸ் தீவில் செப்புச் சுரங்கத்தில் வேலை தேடுவது உத்தேசம். போகிற வழியில் பிரயாணமே பிடித்துப்போய், பாரசீக வளைகுடா, நம் மேற்குக் கரை என்று துடுப்புப் போட்டு, 1935-ல் இலங்கையைச் சேர்ந்தார். அங்கிருந்து நம் சோழமண்டலக் கரையோரமாகவே வடக்கே கல்கத்தாவுக்குப் போய், பர்மா, மலேயா, ஜாவா வழியாக 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் வட எல்லைத் தீவில் கரையேறினார். யுத்தம் அப்போதுதான் மூண்டிருந்தது. ஏழு வருஷம் துடுப்புப் போட்டவரை எதிரி நாட்டான் என்று காவலில் வைத்துவிட்டார்கள். பாவம்!

"அவருக்கும் நீச்சல் தெரியாதாம், அப்பா. அவர் ஓட்டினது ரெண்டு பேருக்குன்னு செஞ்ச படகு. ஒரு எடத்தில அவரு, இன்னொரு எடத்தில சாமான்."

"அப்படியானால் நம் படகில் நான் சாமானா?"

அவள் பதில் சொல்லவில்லை. சிரித்தாள்.

ஹான்னஸ் லிண்டமன் என்ற ஜெர்மானிய டாக்டரும் 1956-ல் இருவர் படகில் தன்னந்தனியாக அட்லாண்டிக் மகா சமுத்திரத்தைக் கடந்தவர் என்பது பிற்பாடு எனக்குத் தெரியவந்தது. நல்ல வேளை, அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இந்த வாதமெல்லாம் நடந்தபோது என் மனைவி அடுப்படியில் ராகி மாவு கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுகிற சத்தம் நின்றது. "ஏனுங்க, அந்த ஒத்தைப் படகை எனக்குச் சொல்லிருங்க" என்றாள்.

"உனக்கா? உனக்குத்தான் தண்ணீர் என்றால் பயமாயிற்றே!"

"ஆருங்க சொன்னது?"

"கன்னியாகுமரியில் நானும் குழந்தையும் காலை நனைத்தபோது, நீ கரையைவிட்டு அசையவே இல்லையே?"

"மூணு பேர் செருப்பு, ரெண்டு பை, உங்க மூக்குக் கண்ணாடி. அதையெல்லாம் ஆருங்க பாத்துக்கறது?"

வாசகர்களே! எனக்குக் கலியாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. இந்தப் பத்தொன்பது வருஷமும் இவளுக்குத் தண்ணீர் பயம் என்று நான் நிச்சயமாக நம்பியிருந்தேன். உறவினர்களிடம் சொல்லியுமிருக்கிறேன். அவள் பிறந்த ஊரோ, எடப்பாடிக்கு மேற்கே காவேரிக் கரையில் உள்ள பூலாம்பட்டி! எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டை. இப்போது அங்கே கதவணையில் தேங்கிய தண்ணீரில் விசைப்படகு ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிறது, சினிமாக்காரர்களும் வருகிறார்கள். அவளுடைய சிறு பிராயத்தில் அவள் தகப்பனாரிடம் பரிசல் இருந்தது. இது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். கலியாணத்துக்கு முன்பே தெரியும். ஆனால் பரிசல் மாமனாருடையது என்று தெரியுமே தவிர, அதை யார் யார் ஓட்டினார்கள் என்று நான் கேட்டதில்லை.

"உங்க அப்புச்சி காய்ச்சல்ல கெடந்தப்ப பத்து நாள் நான்தான் பரிசல் ஓட்டுனேன்" என்று பெண்ணிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. "அப்ப எனக்குப் பதிமூணு வயசு. ஆட்டுக்குட்டி, தயிர்க்கூடை, புதுப்பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் ஏத்தியிருக்கேன்."

பரிசலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோலப் பின்னி, முன்காலத்தில் அதன்மேல் தோலைப் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். சட்டமும் தோலுமாகப் பார்த்தால் கயாக்குக்கும் பரிசலுக்கும் தொழில் ஒன்றே. வடிவம்தான் நேர் எதிர். கயாக் ஈட்டி, பரிசல் தட்டு. பரிசலுக்கு முன் பின் கிடையாது. ஒரு பக்கமாகத் துடுப்பு வலித்தால் ராட்டினம் போல் சுழலும். ஓட்டுகிறவர் போகிற திசையைப் பார்த்து விளிம்பில் உட்கார்ந்து, தண்ணீரைத் தம் பக்கமாக இழுத்து இழுத்துப் போகவேண்டும்.

மே மாதம் மூன்றாவது வாரம் போனோம். காலை ஆறு மணி. தாம்பாளத்தில் எண்ணெய் ஊற்றியது போல் இருந்தது கடல். இராமேசுவரம் பக்கத்தில் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் பாக் கடலைப் பெண் கடல் என்றும் சொல்லுகிறார்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் கொந்தளிக்கும்; பெண் கடல் சாதுவாயிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ். "ஆனா பெண் கடல் அமைதின்னு ஏமாந்துடக் கூடாது சார்" என்றார் வாலிபர். "இப்ப கச்சான் காத்து. கரையிலேர்ந்து உள்ளே தள்ளும். போறது சுகம். திரும்புறதுதான் வேலை. ஒன்பது மணிக்குள்ள வந்துடணும்."

மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டோம். முழங்கால் தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, மறுபடி ஏறச் சொன்னார். நான் மூன்று தடவை கடலைக் குடித்தேன். என் மனைவி, சேலையை விட்டு எங்கள் பெண்ணின் சுடிதாரைப் போட்டிருந்தவள், இரண்டாவது முறை தானாகவே ஏறிவிட்டாள். துடுப்பு மட்டும் அவளுக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை. பழைய வழக்கப்படி முன்னாலிருந்து தண்ணீரை இழுத்தாள். படகின் மூக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிற்று. "இதுக்கு மூக்கு இருக்குதே, பரிசலுக்கு இல்லையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு பக்கத்துக்கு ஒன்றாகப் போட ஆரம்பித்தாள். வாலிபர் என்னைப் பார்த்து, "அக்காவுக்குப் பழக்கம் உண்டா சார்?" என்று கேட்டார். "உண்டு, உண்டு, சிறு வயதிலிருந்தே" என்றேன், பத்தொன்பது வருஷமாக அறிந்தவன் போல.

இரட்டைப் படகில் பெண் முன்னால், நான் பின்னால். கனமானவர் பின்னால் இருப்பதே முறையாம். முதல் கால் மணி துடுப்புகள் மோதிய வண்ணமாயிருந்தன. பிறகு அவளுடைய தோளைப் பார்த்துத் துடுப்புப் போடக் கற்றுக்கொண்டேன். இந்தப் படகில் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் உலகம். சைக்கிள் பழக்கியபோது இதே முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கிறேன். அப்போது பின்னல் இரட்டை.

கரை தாழ்ந்து பனைமரங்களின் தலை மாத்திரம் தெரிந்த இடத்தில், அவள் திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, ஆஸ்டல்ல தனியா இருக்கப் பயமா இருக்குது" என்றாள்.

எனக்குத் துடுப்புத் தவறிற்று. அவள் சென்னைக்குப் போகத் துடிக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! வீட்டில், கூடத்தில், முகத்துக்கு முகம் பார்த்து அவள் இதைச் சொல்லியிருக்கமாட்டாள். இரட்டைப் படகுக்கு நான் படித்த புத்தகங்களில் சொல்லாத ஒரு சௌகரியம் இது. என்ன பதில் சொல்வது? "எனக்கும் நீ போவது பயமாகத்தான் இருக்கிறது" என்றேன். உபாத்தியாயர் சொல்லும் பதிலல்ல. ஆனால் சற்று நேரம் துடுப்புகள் மோதாமல் போயின.

திரும்பும்போது காற்று எழுந்துவிட்டது. அலை பெரிதில்லை, காற்றுத்தான் மார்பில் கை வைத்துத் தள்ளுவது போல் தள்ளிற்று. பத்து நிமிஷத்தில் என் தோள் கழன்றுவிட்டது. அப்போது பக்கத்தில் பார்த்தேன். ஒற்றைப் படகைக் காணோம். முன்னாலும் இல்லை. வாலிபர் மாத்திரம் சற்றுத் தூரத்தில் தம் படகில் வந்துகொண்டிருந்தார்.

நான் யோசிக்கவில்லை. "திருப்பு! அம்மாவைக் காணோம்!" என்று கத்திச் சுக்கானை ஒரே மிதியாக மிதித்தேன். இருபதடிப் படகு அவ்வளவு எளிதில் திரும்புமா? காற்றுக்குக் குறுக்காகப் போய் நின்றது. கரை விலக ஆரம்பித்தது. பெண் ஒரு பக்கம் போடுகிறாள். நான் மறுபக்கம் போடுகிறேன். அந்த ஐந்து நிமிஷத்தில் என் மனத்தில் ஓடியவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

"சார், திருப்பாதீங்க! அக்கா கரையோரம் போய்ட்டாங்க!" என்று வாலிபர் கூவினார். அவர் காட்டிய திசையில், மேற்கே பனங்கூட்டத்தின் அடியில், தண்ணீரோடு தண்ணீராக ஒரு மஞ்சள் புள்ளி நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது. வாலிபர் எங்கள் படகின் மூக்கில் கயிற்றைப் பூட்டினார். எங்கள் பெண் அவரோடு சேர்ந்து வலித்தாள். நான் என் தர்க்க சாஸ்திரத்தோடு, ருஷ்ய அதிகாரியைப் போல் உட்கார்ந்து வந்தேன்.

நாங்கள் கரை சேர்ந்தபோது என் மனைவி படகை மணலில் இழுத்துப் போட்டுவிட்டுத் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எங்கே போய்விட்டாய்? சொல்லிவிட்டுப் போகக்கூடாதா?" என்று கத்தினேன்.

"அந்தத் தம்பிகிட்டச் சொன்னனுங்களே! மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டா நடு ஆத்துல மல்லுக்கட்ட முடியுங்களா? கரையோரமா மேலே ஏறி வந்துதானே குறுக்கே விடுவாங்க? இங்கயும் மரத்தடியில காத்துக் கம்மியா இருக்குமேன்னு போனேன்."

ஜூன் 12 சுமாரில் மேட்டூர் அணை திறப்பது வழக்கம் என்றும், அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்றும், அது 1934-ல் முடிந்தது என்றும் பரம்பரை பரம்பரையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். திறந்தால் பரிசல் எப்படிப் போகும் என்பதை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்கவில்லை.

மாலையில் மணலில் உட்கார்ந்திருந்தபோது, தனியாக அவ்வளவு நேரம் இருந்தாயே, என்ன தோன்றிற்று என்று கேட்டேன். சற்று யோசித்தாள்.

"ஒண்ணுமே தோணலீங்க" என்றாள். "அதுதான் நல்லா இருந்துச்சு."

கணக்குத் தீர்க்கும்போது வாலிபர், "அடுத்த வருஷம் பாப்பா காலேஜுக்குப் போயிடும். நீங்க ரெண்டு பேரும்தானே வருவீங்க? டபுள் எடுத்து வைக்கட்டுமா சார்?" என்றார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன்.

"ஒத்தையே ரெண்டு வையுங்க தம்பி" என்றாள் அவள். "அந்தக் கயித்தையும் மறந்துடாதீங்க."